தங்கையின் கணக்கு பிரைவேட்டில்தான் இருந்தது. பிறகு எப்படிப் போலிக் கணக்கு வந்தது, இனி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் உங்கள் தங்கையின் பெயரிலும் படத்திலும் யாரோ இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கி, வகுப்பில் படிப்பவர்களுக்கும் சில உறவினர்களுக்கும் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறார்கள். தங்கையின் சொந்தக் கணக்கு பிரைவேட்டில்தான் இருந்தது. அப்பா அவருடைய போனை வாங்கி வைத்துவிட்டு, கணக்கையே அழிக்கச் சொல்கிறார். போலீசுக்குப் போனால் பெண்ணின் பெயர் கெட்டுவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். படம் எப்படி வெளியே போனது, எந்த செட்டிங்கை மாற்றினால் இனி நடக்காது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: "இவள் எங்கே தப்புப் பண்ணினாள்?" நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எங்கேயும் இல்லை. அவரால் பூட்ட முடிந்ததைப் பூட்டித்தான் வைத்திருந்தார். படம் போனது பெரும்பாலும் அவர் கையில் சாவி இல்லாத இடத்திலிருந்து. அதைப் பிறகு விளக்குகிறேன்.

கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். இதுபோலச் சிக்கிக்கொள்ளும் மாணவிகளுக்குப் புகார் எழுதவும், தளங்களிலிருந்து படத்தை இறக்கவைக்கவும் பல வருடங்களாக உதவி வருகிறேன். வழக்கறிஞர் இல்லை, காவல்துறையும் இல்லை. சட்டத்தைப் பற்றி நான் சொல்வது புகார் எழுதத் தேவையான அளவுக்குத்தான். வழக்கு நீதிமன்றம் வரை போனால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை, போனைத் தங்கையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பாவைச் சமாதானப்படுத்த நியாயம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டப் புகாரை இன்ஸ்டாகிராம் பாதிக்கப்பட்டவரிடமிருந்துதான் எதிர்பார்க்கிறது. அவர் பெயரில் புகார் பதிவானால் ஓடிபி அவர் எண்ணுக்கு வரும். வகுப்புத் தோழிகள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் அவருக்குத்தான் வந்து சேரும். போன் பீரோவில் இருந்தால் இது எதுவும் நகராது. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2016-ல் சேலம் பக்கம் ஒரு இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் புகார் கொடுத்தும் உடனடியாக எதுவும் நடக்கவில்லை, அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்று அவர் எழுதி வைத்திருந்ததாகச் செய்திகளில் வந்தது. உங்கள் வீட்டில் யாரும் தங்கையை நம்பாமல் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் போனைப் பிடுங்கினால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது அப்படித்தான் கேட்கும். இந்த நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். மனம் உடைந்து பேசினால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில், அதாவது டெலிமானஸில், தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது ஆதாரம். இதை இன்றைக்கே செய்யுங்கள், புகார் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே. பலர் கோபத்தில் முதலில் ரிப்போர்ட் செய்துவிடுகிறார்கள், கணக்கு மறைந்த பிறகு கையில் எதுவும் இருப்பதில்லை. போலிக் கணக்கின் முகப்புப் பக்கம், யூசர்நேம், போட்டிருக்கும் ஒவ்வொரு படம், பின்தொடர்பவர்களின் பட்டியல் ஆகியவற்றைத் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் லிங்க்கைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். யூசர்நேமை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றினால் பழைய லிங்க் வேலை செய்யாது. அதனால் எடுத்த தேதி முக்கியம். செய்தி வந்த உறவினர்களிடமும் தோழிகளிடமும் அந்த உரையாடலை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று உடனே அழித்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அது அந்த ஆளுக்குத்தான் உதவும். அவர்கள் அந்தக் கணக்கை பிளாக் செய்வதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு போதும். பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவில் அது வருகிறது. படம் எந்த போனில் எடுக்கப்பட்டதோ அந்த போனை ரீசெட் செய்யாமல், விற்காமல் வைத்திருங்கள்.

ஆதாரம் சேர்ந்ததும் இன்ஸ்டாகிராமில் புகார். போலிக் கணக்கின் பக்கத்தில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, வேறொருவராக நடிக்கிறார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வேறொருவர் நான்தான் என்று தங்கையே தன் சொந்தக் கணக்கிலிருந்து சொல்ல வேண்டும். இதற்காகவே சொல்கிறேன், அவர் கணக்கை அழிக்கவே கூடாது. அவருடைய உண்மையான கணக்கு பழையதாக, நண்பர்களோடு இருப்பதுதான் யார் அசல் என்பதற்கு முதல் சாட்சி. உதவிப் பக்கத்தில் தனிப் படிவமும் இருக்கிறது, அதில் அரசு அடையாள அட்டையின் படம் கேட்பார்கள். ஆதாரைக் கொடுப்பதாக இருந்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடுங்கள், அல்லது ஓட்டுநர் உரிமம் கொடுங்கள். இந்த அட்டையை நிறுவனத்தின் படிவத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும். "இன்ஸ்டாகிராம் சப்போர்ட்" என்ற பெயரில் யாராவது இன்பாக்ஸில் வந்து அட்டையையோ ஓடிபியையோ கேட்டால் அது இரண்டாவது மோசடி. காசு வாங்கிக்கொண்டு போலிக் கணக்கை நீக்கித் தருவோம் என்று விளம்பரம் செய்பவர்களையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நூறு பேரைச் சேர்த்து ரிப்போர்ட் அடிக்கச் சொன்னால் கணக்கு உடனே போய்விடும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இது பரவலான நம்பிக்கை. எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்துத் தாங்கள் முடிவெடுப்பதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்லியிருக்கிறது. என் அனுபவத்திலும் பாதிக்கப்பட்டவரின் ஒரு முழுமையான புகாருக்கு இருக்கும் வலு கூட்டப் புகாருக்கு இருந்ததில்லை. அதைவிட, நூறு பேரிடம் சொன்னால் அந்தப் போலிக் கணக்கை நூறு பேர் போய்ப் பார்ப்பார்கள். அது தேவையா என்று யோசியுங்கள்.

சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரைப் போல ஆள்மாறாட்டம் செய்வதையும், உருமாற்றிய படங்களையும், ஆபாசப் படங்களையும் தனியாகக் குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தளங்களுக்குக் கெடு வைத்தன. பெரிய தளங்கள் இந்தியாவிலேயே ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆப்புக்குள் அமுக்கும் ரிப்போர்ட் வேறு, குறைதீர் அலுவலருக்கு எழுதும் புகார் வேறு. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் செய்யுங்கள். குறைதீர் அலுவலரின் படிவம் அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். தங்கையின் முழுப்பெயர், போலிக் கணக்கின் லிங்க், அசல் கணக்கின் லிங்க், "இது ஆள்மாறாட்டம், 2021 விதிகளின்படி நீக்கக் கேட்கிறேன்" என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். கதை முழுவதையும் எழுத வேண்டியதில்லை.

சரி, போலீஸ். தேசிய சைபர் குற்றப் புகார் தளம் இருக்கிறது, சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் என்று தேடினால் வரும். அங்கே பதிவு செய்துவிட்டு, வரும் ஒப்புகை எண்ணோடு உங்கள் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போவதுதான் நான் எப்போதும் சொல்லும் வழி. தளத்தில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் தாமதமாகும். போலிக் கணக்கு யாரிடமாவது காசு கேட்டு, அவரும் அனுப்பிவிட்டார் என்றால் அந்த நிமிடமே சைபர் பண மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்ப வர வாய்ப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இந்த மாதிரி விஷயத்துக்கு வழக்கமாகப் போடுவது, அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கான 66சி பிரிவும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான 66டி பிரிவும். இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் 67 அல்லது 67ஏ சேரும். எந்தப் பிரிவு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, நடந்ததைத் தேதி வரிசையில் எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பினால், குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது என்பதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதை மேலோட்டமாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அது ஆதாரமில்லாத பயம் இல்லை. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. அதே வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். பெண்கள் வந்து சாட்சி சொன்னதால்தான் அது நடந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற தடை சட்டப்படி பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்குத்தான் உறுதியாக இருக்கிறது. ஆள்மாறாட்ட வழக்குக்கு அதே அளவு காப்பு இல்லை. ஆபாசப் படம் சம்பந்தப்பட்ட புகாரைத் தேசியத் தளத்தில் பெயர் சொல்லாமல் கொடுக்க வழி உண்டு. ஆனால் அப்படிக் கொடுத்தால் புகார் எங்கே நிற்கிறது என்று பின்தொடர முடியாது, ஆள்மாறாட்டத்துக்கு அது பொருந்தவும் செய்யாது. என் பார்வை இது: பெயர் ஏற்கெனவே போலிக் கணக்கின் மூலம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. புகார் எண் ஒன்று கையில் இருந்தால், கேட்கும் உறவினரிடம் சொல்ல உங்கள் குடும்பத்துக்கு ஒரு நேரான பதில் இருக்கும்.

ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியாது. காவல்துறை நிறுவனத்திடம் கேட்டு, கணக்கு தொடங்கிய எண், மின்னஞ்சல், இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி எதிலிருந்து உள்ளே வந்தார்கள் என்ற விவரத்தை வாங்கும். கணக்கை அழித்துவிட்டாலும் பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. அதனால் கணக்கு மறைந்துவிட்டதே என்று புகாரைக் கைவிட வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். சரியான நேரமும் கூடுதல் விவரங்களும் இல்லாவிட்டால் அது ஒரு ஆளைச் சுட்டாது. அந்த முகவரியையே மறைக்கும் விபிஎன் போட்டிருந்தால் இன்னும் கடினம். ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் தொழில்நுட்பத்தைவிடப் படங்களே அதிகம் பேசும். போலிக் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் எடுத்து, இது முதலில் எங்கே போடப்பட்டது, யார் யார் பார்த்திருக்க முடியும் என்று தங்கையோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் மட்டும் இருந்தது, இன்னொன்று பத்துப் பேருக்கு மட்டும் போன குளோஸ் ஃபிரெண்ட்ஸ் ஸ்டோரி என்று தெரிந்தால் வட்டம் சட்டென்று சுருங்கும். யாருக்கெல்லாம் செய்தி போயிருக்கிறது என்பதும் ஒரு துப்பு. வகுப்புத் தோழர்களையும் உறவினர்களையும் ஒரே ஆள் அறிந்திருக்கிறார் என்றால் அது முற்றிலும் அந்நியராக இருப்பது அரிது. அந்தப் பட்டியலை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். நீங்களே போய் யாரையும் மடக்க வேண்டாம். சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு நிரபராதியின் வாழ்க்கை கெடும், சரியாக இருந்தால் அவர் போனை அழித்துவிடுவார்.

இனி நீங்கள் முதலில் கேட்ட கேள்வி. பிரைவேட் கணக்கிலிருந்து படம் எப்படிப் போகும்? உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் கணக்கு பிரைவேட்டில் இருந்தாலும் முகப்புப் படமும் பெயரும் பயோவும் எல்லாருக்கும் தெரியும். பின்தொடர்பவர் எவரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். கணக்கு முன்பு பப்ளிக்கில் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் பிரைவேட் ஆக்கிய பிறகும் உள்ளேயே இருப்பார்கள். இவை கணக்குக்குள் இருக்கும் ஓட்டைகள். ஆனால் நான் பார்த்த புகார்களில் படம் அதிகம் போன வழி வேறு. சித்தி மகன் தன் பப்ளிக் கணக்கில் போட்ட கல்யாண வீட்டு செல்ஃபி. போட்டோகிராபர் தன் வேலையைக் காட்டப் பக்கத்தில் ஏற்றிய மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம். கல்லூரி ஆண்டு விழாப் படங்களைத் துறை வாரியாகக் கொட்டியிருக்கும் கல்லூரிப் பக்கம். தோழி பிறந்தநாள் வாழ்த்து என்று முழுப்பெயர், வயது, ஊர், கல்லூரி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட ரீல். வாட்ஸ்அப் டிபி. இதில் ஒன்றில்கூட உங்கள் தங்கையின் செட்டிங் வேலை செய்யாது. பிரைவேட் என்பது அவர் போடுவதற்கு மட்டும்தான், அவரைப் பற்றி மற்றவர் போடுவதற்கு இல்லை.

இது நம் குடும்பங்களின் பழக்கம் மட்டும் இல்லை, இந்தத் தளங்கள் கட்டப்பட்ட விதமே அப்படி. ஒரு ஃபேஸ்புக் செயலி வழியாகப் பயனர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் 2018-ல் வெடித்தபோது ஃபேஸ்புக் தானே கொடுத்த கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் விவரம் போயிருக்கக்கூடியவர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர். அந்த ஐந்தரை லட்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லாருமே எதையும் நிறுவவில்லை, எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் தொலைபேசி எண்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. போனில் இருக்கும் எண்களை ஏற்றி நண்பர்களைத் தேடும் வசதியைப் பயன்படுத்திச் சுரண்டி எடுத்தவை அவை. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் அதற்காக 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. நாம் பத்திரமாக இருந்தாலும் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் வழியாக நாம் வெளியே போகிறோம் என்பதை நான் அடித்துச் சொல்வது இந்தக் கணக்குகளால்தான். ஆகவே தங்கையை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை. வீட்டில் இருக்கும் எல்லாருடைய போனையும் பார்க்க வேண்டும், உங்களுடையதையும் சேர்த்து.

அந்த வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஃபேஸ்புக்கில் நான் முதலில் மாற்றச் சொல்வது நண்பர்கள் பட்டியலை. அது எல்லாருக்கும் தெரியும்படி இருந்தால் போலிக் கணக்கு தொடங்குபவருக்கு யாருக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். உங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா போன்றவர்களின் கணக்குகளில் அது பெரும்பாலும் திறந்துதான் கிடக்கும், அங்கிருந்து பிள்ளைகள் வரை போய்விடலாம். அதை "நான் மட்டும்" என்று மாற்றுங்கள். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அடியாக நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. 2020 முதல் இந்தியாவில் புரொஃபைலைப் பூட்டும் வசதியும் உண்டு, பெரியவர்களுக்கு அது எளிது. இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்களின் பட்டியலை ஒவ்வொருவராகப் பார்த்து, யாரென்று தெரியாதவர்களை நீக்குங்கள். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்புப் போகாது, அதனால் சங்கடப்பட வேண்டாம். யார் டேக் செய்தாலும் தான் அனுமதித்த பிறகே தன் பக்கத்தில் தெரியும்படி வைக்கலாம். இதனால் டேக் செய்தவரின் பக்கத்தில் படம் மறையாது என்பதையும் நினைவில் வையுங்கள், நேரில் சொல்லித்தான் நீக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் படம் அதிகம் எடுக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. டிபியையும் ஸ்டேட்டஸையும் "என் தொடர்புகள்" என்று வைத்துவிட்டோம், பத்திரம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தொடர்புகளில் கேஸ் சிலிண்டர் போடுபவர், கேபிள்காரர், எப்போதோ ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர், பழைய டியூஷன் சென்டர் எல்லாம் இருக்கிறார்கள். சிலரைத் தவிர்த்து என்ற தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் தொடர்புகளுக்கு மட்டும் ஆக்குங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, தெரியாத கணினியில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுதியிலும் ஜெராக்ஸ் கடையிலும் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவிட்டு மூடாமல் வருவது மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. 6 இலக்க இரண்டாம்கட்டப் பின் எண்ணையும் போட்டுவிடுங்கள். அப்புறம், மதிப்பெண் பட்டியலை ஸ்டேட்டஸில் போடும் பழக்கம். பதிவு எண், பிறந்த தேதி, பள்ளி, பெற்றோர் பெயர் என்று ஒருவரைப் போல நடிக்கத் தேவையான பலவும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. சந்தோஷத்தைச் சொல்ல மொத்த மதிப்பெண் மட்டும் போதும்.

எல்லாக் கணக்குகளுக்கும் மேலே இருப்பது மின்னஞ்சல் கணக்கு. மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதை வைத்து மாற்றிவிடலாம். அதற்குத் தனி பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கிக் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது, ஏனென்றால் சிம் கார்டை மோசடியாக மாற்றி எடுத்துவிட்டால் குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும். அதோடு தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனில் தேவையில்லாத செயலிகளுக்குக் கொடுத்திருக்கும் கேலரி, தொடர்புகள் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். உடனடிக் கடன் செயலிகள் கேலரியிலிருந்து படம் எடுத்து உருமாற்றி மிரட்டிய சம்பவங்கள் நிறைய. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் அப்படிக் கேலரியையும் தொடர்புகளையும் தொடக் கூடாது என்று கடன் செயலிகளைத் தடுத்தன, ஆனால் விதிக்கு வெளியே ஓடும் செயலிகளுக்கு அது உறைப்பதில்லை.

இதையெல்லாம் செய்தால் இனி நடக்காதா என்றால், குறையும் என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். இன்றைய ஏஐ கருவிகளுக்கு முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் போதும், அந்த ஒரு படம் கல்லூரி அடையாள அட்டையிலேயே இருக்கிறது. அதனால் படமே போடாதே என்பது ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் முழுமையான பாதுகாப்பு இல்லை. அது அவரைத் தோழிகளிடமிருந்தும் வேலை தேடும் வாய்ப்புகளிலிருந்தும் பிரிக்கும், அவ்வளவுதான். 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது முக்கியமாக நிறுவனங்கள் நம் விவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கானது. போலிக் கணக்கு தொடங்கிய தனி ஆளைப் பிடிக்க அது வழியில்லை, மேலே சொன்ன பழைய சட்டம்தான் வழி.

உருமாற்றிய ஆபாசப் படம் வருமோ என்ற உங்கள் பயத்துக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசத் தளம் 2021 டிசம்பரிலிருந்து இயங்குகிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிடப்படும் ஒரு எண் தொடர்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இணைந்துள்ள தளங்களுக்குப் போகும், அதே படத்தை யாராவது ஏற்றினால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். படம் கையில் இருந்தால்தான் இது முடியும். இணையாத தளங்களில் பயனில்லை, படத்தை வெட்டி மாற்றினால் தப்பிவிடவும் கூடும். 18-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற இதேபோன்ற சேவை இருக்கிறது. அந்தப் போலிக் கணக்கிலிருந்து காசு கேட்டு மிரட்டல் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள், நிறுத்த மாட்டார்கள்.

உறவினர்களுக்கு என்ன சொல்வது என்று அம்மா தவிப்பதாக எழுதியிருந்தீர்கள். குடும்ப குரூப்பில் அப்பா பெயரில் இப்படி ஒன்று போடுங்கள்: "எங்கள் மகள் பெயரில் யாரோ இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அதிலிருந்து செய்தி வந்திருந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவளுடைய படங்களை உங்கள் பக்கத்தில் போட்டிருந்தால் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்." போலிக் கணக்கின் பெயரையோ லிங்க்கையோ அதில் போட வேண்டாம். அப்பா இதை அனுப்பினால் பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும், தங்கை யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

தளத்திலிருந்து "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தாலும் ஓய்ந்துவிடாதீர்கள், முதல் முறை அப்படி வருவது சகஜம். குறைதீர் அலுவலரிடமிருந்து அந்தப் பதில் வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். 2023 ஜனவரியில் அமைத்த குழு அது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தளத்துக்கு அனுப்பிய புகாரின் எண்ணையும் அவர்கள் அனுப்பிய நிராகரிப்பு மெயிலையும் இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே தங்கையின் மின்னஞ்சலில் அவை இரண்டையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்பாம் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த மெயில்கள் அடிக்கடி அங்கே போய் விழும்.